ஜப்பான்காரன் காலமும் டெவோனியன் காலமும்

என் பாட்டிக்குத் தான் பிறந்த வருஷம் தெரியாது. அடையாள அட்டையில் ஒரு வருஷம் இருக்கிறது. அது தோட்டத்துக் கிராணி முகத்தைப் பார்த்து உத்தேசமாக எழுதியது என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். ஆனால் எப்போது பிறந்தீர்கள் என்று கேட்டால் ஒரு நொடி தயங்க மாட்டார். "ஜப்பான்காரன் போன மறுவருஷம்யா. எங்கப்பா சயாம் ரயில் வேலைக்குப் போயி உசுரோட திரும்பி வந்தாரு பாரு, அதுக்கப்புறம்." அவர் கல்யாணம் நடந்தது தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற சமயம். என் மாமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, பத்தாம் நம்பர் காட்டில் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, சாய்த்துவிட்டுச் செம்பனை போட்ட வருஷம்.

இந்த நாட்காட்டியில் எண்ணே கிடையாது. ஆனால் யார் மூத்தவர், எது முந்தி நடந்தது என்று கேட்டால் வரிசை பிசகாது. இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். அவர் காலங்கள் ஒரே அளவில் இருக்காது. மலேசியாவில் எங்கள் பேராக் மாநிலத்தில் வெள்ளைக்காரன் காலம் எண்பது வருஷத்துக்கு மேல் ஓடியது. ஜப்பான்காரன் காலம் மூன்று வருஷம் எட்டு மாதம்தான். பேச்சில் பார்த்தால் இரண்டும் சரிசமம். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வெள்ளைக்காரன் அறிவித்த 'அவசரகாலம்' பன்னிரண்டு வருஷம், அதுவும் தொடங்கியதே எங்கள் ஊரில்தான். 1948 ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அதை வைத்துத்தான் அவசரகாலம் பிறந்தது.

பூமியின் வரலாற்றை விஞ்ஞானிகள் எப்படிப் பிரிக்கிறார்கள் என்று யாராவது கேட்டால், முதலில் பாட்டியின் இந்த நாட்காட்டியைத்தான் சொல்வேன். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் வண்ண வண்ணக் கட்டங்களைப் பார்த்துவிட்டு, 454 கோடி ஆண்டை யாரோ அடிக்கோல் வைத்துச் சமமாக நறுக்கிப் பெயர் வைத்தார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சிலூரியன் காலம் சுமார் 2.4 கோடி ஆண்டு. கிரிட்டேசியஸ் காலம் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேல், 7.9 கோடி. ஏன் இந்த ஓரவஞ்சனை? ஏனென்றால் அங்கேயும் பிரித்தது சம்பவங்களை வைத்துத்தான். ஆண்டுக் கணக்கு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சுங்கை சிப்புட் என்றால் மலாயில் நத்தை ஆறு. இங்கிருந்து ஈப்போ போகும் சாலையில் செம்மோர் பக்கம் வந்தால், சமவெளியில் திடீர் திடீரென்று செங்குத்தாக முளைத்த வெள்ளைப் பாறைக் குன்றுகள் தெரியும். தைப்பூசத்துக்கு நாம் கூடும் ஈப்போ கல்லுமலை, அந்த இனத்தைச் சேர்ந்த குன்றின் அடிவாரம். எல்லாம் சுண்ணாம்புக்கல். ஒரு காலத்தில் ஆழமில்லாத கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடும் கூடும் சேர்ந்து இறுகியது. இந்தக் குன்றுகள் நிற்கும் கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக்கல் பெரும்பாலும் டெவோனியன் காலத்திலிருந்து பெர்மியன் காலம் வரை படிந்தது என்று சொல்கிறார்கள். பத்துமலை இன்னும் பழையது, அது சிலூரியன். 272 படி ஏறிப் போய் நிற்கும் அந்தக் குகையின் சுவருக்கு வயது நாற்பது கோடி ஆண்டுக்கு மேல். கம்பார் அருகே எச்.எஸ். லீ என்ற பழைய ஈயச் சுரங்கத்தில் பெர்மியன் காலத்துக் கடல் நத்தைகளே கல்லாகிக் கிடைத்தன. எங்கள் ஊர்ப் பெயருக்கும் அந்த நத்தைக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சரி, டெவோனியன் என்று எப்படிச் சொன்னார்கள்? கல்லில் தேதி எழுதியா இருக்கிறது?

வரிசைதான் முதலில். 1669இல் நிக்கோலஸ் ஸ்டெனோ என்ற டேனிஷ்காரர் ஒரு சாதாரண விஷயத்தைச் சொன்னார்: படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன, ஆகவே யாரும் புரட்டிப்போடாத வரை அடியில் இருப்பது மூத்தது. குப்பைக்குழி தோண்டியவர்களுக்கு இது தெரிந்த கதைதான். இன்னொரு விதி, குறுக்கே வெட்டுவது இளையது. எங்கள் கிழக்கே நிற்கும் தித்திவங்சா மலைத்தொடர் கருங்கல். உருகிய குழம்பாகக் கீழிருந்து எழும்பி, ஏற்கெனவே இருந்த சுண்ணாம்புக்கல்லுக்குள் புகுந்து, அதைச் சுட்டுப் பளிங்காக்கியிருக்கிறது. சுடுவதற்கு முதலில் பொருள் இருந்திருக்க வேண்டும் அல்லவா? ஆகவே சுண்ணாம்பு அண்ணன், கருங்கல் தம்பி. இதைச் சொல்ல எந்தக் கருவியும் வேண்டாம். கருங்கல் செய்த கெடுதலும் உண்டு. அந்தச் சூட்டில் சுண்ணாம்புக்கல்லில் இருந்த புதைபடிவங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. அதனால்தான் கிந்தா குன்றுகளில் எங்கோ ஓரிடத்தில்தான் நத்தை சிக்குகிறது.

ஒரே குழியில் வரிசை சொல்வது சுலபம். பேராக்கில் ஒரு குழி, இங்கிலாந்தில் ஒரு குழி என்றால் எந்த அடுக்குக்கு எந்த அடுக்கு ஜோடி? இதை அவிழ்த்தவர் வில்லியம் ஸ்மித், கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளந்தவர். கல்லின் நிறத்தை நம்பாதே, அதற்குள் இருக்கும் புதைபடிவத்தைப் பார் என்பது அவர் கண்டது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனி உயிர்க்கூட்டம், அந்த வரிசை எங்கே தோண்டினாலும் மாறுவதில்லை. 1815இல் அதை வைத்து இங்கிலாந்து, வேல்ஸின் நிலவியல் வரைபடத்தை வெளியிட்டார். நான்கு வருஷம் கழித்துக் கடன் கட்ட முடியாமல் சிறைக்குப் போனார். அது வேறு கதை.

புதைபடிவம் எப்படி அடையாளம் ஆகிறது என்பதை நான் பால் மங்கை, அதாவது கித்தா மரத்தில் வடியும் பாலைப் பிடிக்கும் கிண்ணத்தை, வைத்துப் புரிந்துகொண்டேன். பாட்டி வேலை செய்த தோட்டத்தில் முதலில் சுட்ட மண் மங்கு, அப்புறம் கண்ணாடி மங்கு, கடைசியில் பிளாஸ்டிக். ஒரு மரத்தடியில் உடைந்து கிடக்கும் ஓட்டைப் பார்த்தே எந்தச் சமயத்தில் அந்த நிரையில் பால் வெட்டினார்கள் என்று அவர் சொல்லிவிடுவார். ஆனால் வாளியைக் காட்டினால் அவரால் சொல்ல முடியாது, வாளி எப்போதும் ஒரே மாதிரிதான். அதேபோல் சுறாவோ சிப்பியோ பொதுவாகப் பார்த்தால் உதவாது, அவை நெடுங்காலம் இருப்பவை. சட்டென்று தோன்றி, உலகம் முழுக்கப் பரவி, சட்டென்று மறைந்த இனம்தான் நல்ல சாட்சி. இன்று அதிகம் பயன்படுவது கொனோடோன்ட் என்ற உயிரின் பல், மணல் பருமன்தான் இருக்கும். சுண்ணாம்புக்கல்லை மென்மையான அமிலத்தில் ஊறப்போட்டால் கல் கரைந்து பல் தங்கும். கூடுதல் வசதி, சூடு பட்டால் அந்தப் பல் மஞ்சளிலிருந்து பழுப்பாகிக் கருக்கும். எவ்வளவு கருத்தது என்று பார்த்தே கல் எத்தனை சூட்டைக் கண்டது என்று சொல்லலாம்.

பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே பிடித்த பகுதி. ஒழுங்கே கிடையாது. கேம்பிரியன் என்பது வேல்ஸின் பழைய லத்தீன் பெயர். சிலூரியனும் ஓர்டோவிசியனும் ரோமானியர் காலத்தில் அங்கே வாழ்ந்த பழங்குடிகளின் பெயர்கள். டெவோனியன் இங்கிலாந்தின் டெவோன் மாவட்டம், பெர்மியன் ரஷ்யாவின் பெர்ம் நகரம், ஜுராசிக் ஜூரா மலை. கார்பனிஃபெரஸ் என்றால் நிலக்கரி தருவது. கிரிட்டேசியஸ் என்றால் சாக்குக்கட்டிச் சுண்ணாம்பு. டிரையாசிக் என்றால் வெறுமனே மூன்றடுக்கு, ஜெர்மனியில் அப்படித் தெரிந்ததால். பெரும்பாலும் 1820க்கும் 1880க்கும் இடையில், ஐரோப்பாவில் யார் எங்கே நடந்து போனார்களோ அந்த இடத்தின் பெயர். முதலில் கிந்தாவில் தோண்டியிருந்தால் டெவோனியனுக்குக் 'கிந்தாவியன்' என்று பெயர் வந்திருக்கலாம்.

சண்டையும் உண்டு. வேல்ஸின் அடுக்குகளை நிலவியலாளர் ஆடம் செட்ஜ்விக் கீழிருந்து மேலாகப் படித்துக் கேம்பிரியன் என்றார், நண்பர் ரோடரிக் மர்ச்சிசன் மேலிருந்து கீழாகப் படித்துச் சிலூரியன் என்றார். நடுவில் இருந்த அடுக்குகள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டன. நட்பு முறிந்தது, கடைசிவரை ஒட்டவில்லை. இருவரும் போன பிறகு 1879இல் சார்லஸ் லாப்வொர்த், தகராறு நிலத்தை இருவருக்கும் கொடுக்காமல் ஓர்டோவிசியன் என்று மூன்றாவது பெயர் வைத்துத் தீர்த்துவைத்தார். எல்லைக்கல் தகராறில் நம் ஊர்ப் பஞ்சாயத்து செய்வதும் சில சமயம் இதுதான்.

சார்லஸ் லயல் என்ற நிலவியலாளர் வேறு வழியில் போனார். 1830களில், இளைய படிவுகளில் உள்ள சிப்பி, நத்தை ஓடுகளை எண்ணி, அவற்றில் இன்றும் உயிரோடு இருக்கும் இனங்கள் எத்தனை விழுக்காடு என்று பார்த்தார். ஏறக்குறைய 3.5 விழுக்காடு என்றால் இயோசீன், 17, 18 என்றால் மயோசீன், அதற்கு மேல் ஏறிப்போனால் பிளையோசீன். ஆண்டே இல்லாமல், நத்தையை எண்ணியே காலத்தைப் பிரித்திருக்கிறார்! நத்தை ஆற்றங்கரையில் வளர்ந்தவனுக்கு இது போதும்.

பெரிய பிரிவுகளின் எல்லை விழுந்தது சாவுகளின்மேல். 1841இல் ஜான் பிலிப்ஸ் எல்லாவற்றையும் பழைய உயிர், இடை உயிர், புது உயிர் என்று மூன்று ஊழிகளாகக் கட்டினார்: பேலியோசோயிக், மீசோசோயிக், சீனோசோயிக். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் சுமார் 25.19 கோடி ஆண்டுக்கு முன், கடல் இனங்களில் பத்தில் எட்டு, ஒன்பது அழிந்துபோயின. சைபீரியாவில் பொங்கிய எரிமலைக் குழம்பையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில், 6.6 கோடி ஆண்டுக்கு முன், டைனோசர்களை முடித்த விண்கல். பிலிப்ஸுக்கு இந்தக் காரணம் எதுவும் தெரியாது. உயிர்கள் மொத்தமாக மாறிய இடம் கண்ணில் பட்டது, அங்கே கோடு போட்டார்.

தமிழில் இந்தப் பிரிவுகளுக்கு ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு சொல்லை வைக்கிறது. நான் பெரியதிலிருந்து சிறியதாகப் பேரூழி, ஊழி, காலம், உட்காலம் என்று வைத்துக்கொள்கிறேன். ஊழி நல்ல பழைய சொல். யுகம் என்று எழுதினால் உடனே ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்து விழும்: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி, பார்த்தீர்களா முன்னோர் அறிவை என்று. எண்கள் பக்கத்தில் வருவது உண்மை. ஆனால் கலியுகம் 4,32,000 ஆண்டு, மற்ற யுகங்கள் அதன் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு. அது பெருக்கிக் கட்டிய அழகான கணக்கு. பாறையிலிருந்து வரும் கணக்கு ஒருநாளும் இவ்வளவு அழகாக இருக்காது. அழகாக இருந்தால் எனக்கே சந்தேகம் வரும்.

இனி ஆண்டுக் கணக்குக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க வரிசை கையில் இருந்தது, வயதுதான் இல்லை. கெல்வின் பிரபு பூமியை ஆறிக்கொண்டிருக்கும் உருண்டையாக எடுத்துக்கொண்டு 1862இல் கணக்குப் போட்டார்: 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடையில். வயதாக ஆக, அந்த எண்ணை 2 கோடியிலிருந்து 4 கோடிக்குள் இறுக்கிவிட்டார். நிலவியலாளர்கள் தவித்துப்போனார்கள், பாறையில் பார்ப்பதற்கு அந்தக் காலம் பத்தவில்லை. கதிரியக்கம் தெரியாததால் கெல்வின் தோற்றார் என்றுதான் பல புத்தகங்கள் சொல்லும். 1895இலேயே ஜான் பெர்ரி என்ற பொறியாளர் வேறொன்றைக் காட்டினார்: பூமியின் உள்ளே இருக்கும் பொருள் இறுகிய கல்போலச் சும்மா கிடக்காமல் மெல்லப் புரண்டு சூட்டை மேலே கொண்டுவந்தால், கணக்கு மொத்தமாக மாறிவிடும். அவர் சொன்னதுதான் பெரிய ஓட்டை. அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

கதிரியக்கம் கொண்டுவந்தது வேறொரு பரிசு, கடிகாரம். மறுபடியும் மங்குக்கு வருகிறேன். பாட்டி விடியற்காலையில் மரம் வெட்டுவார். உளி பட்டதும் பால் வேகமாக ஓடும், அப்புறம் சொட்டும், அப்புறம் சொட்டுக்கும் சொட்டுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். வேலையை மேற்பார்த்துப் பழகிய தண்டல் ஒருவர், மங்கில் சேர்ந்த பாலையும் சொட்டும் வேகத்தையும் பார்த்து, இந்த மரத்தை எத்தனை மணிக்கு வெட்டினாய் என்று பிடித்துவிடுவார். யுரேனியம் ஈயமாக மாறுவதும் இந்த மாதிரிதான், முதலில் வேகம், போகப் போக மந்தம். ஒரே வித்தியாசம், மரத்துக்கு மரம் வேகம் மாறும், யுரேனியத்துக்கு மாறாது. யுரேனியம்-238இல் பாதி மாற 447 கோடி ஆண்டு. யுரேனியம்-235க்கு 70.4 கோடி.

தண்டலின் கணக்கு சரியாக வர, மங்கு முதலில் காலியாக இருந்திருக்க வேண்டும். நேற்றைய பால் ஒட்டிக்கிடந்தால் தப்பு. நடுவில் மழை பெய்து தண்ணீர் சேர்ந்தாலும் தப்பு, மங்கு சாய்ந்து பால் கொட்டினாலும் தப்பு. பாறையில் இந்த நிபந்தனைகளுக்கு ஒத்துவரும் மங்கு சிர்கோன் என்ற குட்டிப் படிகம். அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தைக் கிட்டத்தட்டச் சேர்த்துக்கொள்ளாது. ஆகவே பிறக்கும்போது மங்கு துடைத்து வைத்தது மாதிரி. உள்ளே இரண்டு யுரேனியமும் இருப்பதால், ஒரே படிகத்தில் இரண்டு கடிகாரம். இரண்டும் ஒரே வயதைச் சொன்னால் நம்பலாம். ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்படும், களவு வெளியே வந்துவிடும்.

1911இல், 21 வயது ஆர்தர் ஹோம்ஸ், நார்வேயின் ஒரு டெவோனியன் பாறைக்கு 37 கோடி ஆண்டு என்று யுரேனியம், ஈயம் இரண்டின் அளவை வைத்துக் கண்டுபிடித்தார். இன்று டெவோனியனுக்கு நாம் தரும் சுமார் 41.9 முதல் 35.9 கோடி வரையிலான வரம்புக்குள் அது அழகாக உட்காருகிறது. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கல்லின் ஈயத்தை அளந்து பூமிக்கு 455 கோடி என்றார். ஆய்வுக்கூடத்தில் எங்கு தொட்டாலும் ஈயம் ஒட்டிக்கொண்டு அவர் கணக்கைக் கெடுத்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனவர், பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராக வருஷக்கணக்கில் போராடினார். மங்கில் விழுந்த மழைத்தண்ணீரின் மூலத்தைத் தேடிப்போன மனிதர்.

ஒரு சங்கடம் இருக்கிறது. சிர்கோன் பிறப்பது கருங்கல்லிலும் எரிமலைச் சாம்பலிலும். நத்தை கிடைப்பது சுண்ணாம்புக்கல்லில். வயது சொல்லும் கல்லும் பெயர் சொல்லும் கல்லும் வேறு வேறு. அதனால் சுண்ணாம்புக்கல் அடுக்குக்கு மேலும் கீழும் சாம்பல் அடுக்கு இருக்கும் இடத்தைத் தேடி, இரண்டுக்கும் நடுவில் என்று இடுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கம் கருங்கல் சிர்கோன் 20 கோடி ஆண்டைக் கொஞ்சம் தாண்டிச் சொல்கிறது, டிரையாசிக். ஆகவே அது சுட்ட சுண்ணாம்பு அதற்கு முந்தியது. எவ்வளவு முந்தியது என்பதை நத்தையும் கொனோடோன்ட் பல்லும்தான் சொல்ல வேண்டும்.

காலத்தின் எல்லையை இன்று எப்படி வரையறுக்கிறார்கள் தெரியுமா? உலகில் ஏதாவது ஓரிடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே பாறையில் ஒரு புள்ளியைக் குறித்து, இதுதான் எல்லை என்று அனைத்துலக நிலவியல் சங்கம் ஒப்புதல் தரும். 'தங்க ஆணி' என்பார்கள், சில இடங்களில் உண்மையிலேயே உலோக வில்லை பதித்திருக்கிறார்கள். முதல் ஆணி 1972இல் செக் நாட்டுக் கிளோங்கில், சிலூரியனும் டெவோனியனும் பிரியும் இடத்தில். பெர்மியன் முடிந்து டிரையாசிக் தொடங்கும் ஆணி சீனாவின் மெய்ஷானில், ஒரு குறிப்பிட்ட கொனோடோன்ட் பல் முதன்முதலில் தென்படும் அடுக்கில். எல்லை என்பது அந்தக் கல்லில் அந்தப் புள்ளி, எண் அல்ல. எண் மாறும். கேம்பிரியன் தொடக்கம் 54.2 கோடி என்று ஒரு சமயம், பிறகு 54.1, இப்போது 53.88. ஆணி நகரவில்லை, அளக்கும் கை தேர்ந்தது. 'விஞ்ஞானிகள் மறுபடி மாற்றிவிட்டார்கள்' என்று கேலி பேசுபவர்கள் இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.

அதற்கு முந்திய நீண்ட பகுதிக்கு ஓடுள்ள உயிர் இல்லாததால், ஆணி அடிக்கச் சாட்சியும் கிட்டத்தட்ட இல்லை. பூமி வரலாற்றில் சுமார் 88 விழுக்காடு அந்தப் பகுதிதான். அங்கே பெரும்பாலும் 250 கோடி ஆண்டு என்பதுபோல முழு எண்ணையே எல்லையாக வைத்திருக்கிறார்கள். தோட்டம் போடுவதற்கு முன் இங்கே என்ன இருந்தது என்று கேட்டால் பாட்டி, "அப்பெல்லாம் வெறும் காடு" என்று முடித்துவிடுவார். ஹேடியன், ஆர்க்கியன், புரோட்டரோசோயிக் என்று பேரூழிகள் பிரிந்திருந்தாலும், எழுதும்போது கேம்பிரியனுக்கு முந்தியது என்று ஒரே சொல்லில் முடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

ஆணி கடற்பாறையில்தான் அடிக்க வேண்டும் என்றில்லை. 2018இல் நாம் வாழும் ஹோலோசீன் உட்காலத்தை மூன்றாகப் பிரித்தார்கள். அதில் கடைசிப் பிரிவு, 4,200 ஆண்டுக்கு முந்தைய ஒரு பெரும் வறட்சியில் தொடங்குவது. அதற்கு மேகாலயன் என்று பெயர். இந்தியாவின் மேகாலயாவில் மௌம்லூ என்ற சுண்ணாம்புக் குகையில் தரையிலிருந்து வளர்ந்த ஒரு கல்தூண்தான் சாட்சி. சொட்டுச் சொட்டாக வளரும் தூணில் மழை கூடிய வருஷமும் குறைந்த வருஷமும் பதிந்திருக்கும். கோப்பேங் அருகே தெம்புரோங் குகைக்குப் போயிருப்பவர்கள் அப்படிப்பட்ட தூணைக் கையால் தட்டியிருப்பார்கள். தட்டாதீர்கள்.

இவ்வளவு நேரம் பக்கங்களைப் பற்றியே பேசினோம், கிழிந்த பக்கங்களைப் பற்றிப் பேசவில்லை. கிந்தாவில் ஈயம் எடுத்தவர்கள் மணலையும் கூழாங்கல்லையும் தண்ணீர் பீய்ச்சிக் கரைத்துக்கொண்டே இறங்குவார்கள். அடியில் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை ஊசி ஊசியாகத் தலைநீட்டும். மேலே இருக்கும் மணல் அதிகம் போனால் சில பத்து லட்சம் ஆண்டு. கீழே இருக்கும் பாறை முப்பது, நாற்பது கோடி. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவில் கோடிக்கணக்கான ஆண்டு எங்கே போனது? அங்கே படிவு விழவில்லை, அல்லது விழுந்ததெல்லாம் அரித்துப் போய்விட்டது. ஸ்காட்லாந்தில் சிக்கார் முனையில் 1788இல் ஜேம்ஸ் ஹட்டன் பார்த்து மலைத்ததும் இப்படி ஓர் இணைப்பைத்தான்: செங்குத்தாக நிற்கும் அடுக்குகளின் மேல் ஏறக்குறையப் படுத்தாற்போல் இன்னோர் அடுக்கு. கீழது படிந்து, இறுகி, நிமிர்ந்து, தேய்ந்த பிறகுதான் மேலது படிந்திருக்க முடியும். ஹட்டனுக்கு ஆழ்காலம், அதாவது பூமியின் மலைக்கவைக்கும் நீண்ட காலம், தெரிந்தது இருந்த கல்லில் அல்ல, இல்லாத கல்லில். எங்கள் ஈயக் குட்டைகளில் வேலை செய்தவர்கள் அதே இடைவெளியின் மேல் தினமும் நடந்தார்கள், பாறை தட்டினால் ஈயம் தீர்ந்தது என்று அவர்களுக்கு அர்த்தம்.

இடைவெளிக்கு நேர்மாறானது சாம்பல். வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கில், கோத்தா தம்பானில், கற்கருவி செய்த இடத்தில் எரிமலைச் சாம்பல் கிடைத்தது. சுமத்ராவின் தோபா எரிமலை சுமார் 74,000 ஆண்டுக்கு முன் வெடித்தபோது வந்தது. அதே சாம்பல் ஆந்திராவின் ஜ்வாலாபுரத்திலும் அடுக்காகக் கிடக்கிறது. கடலுக்கு இருபுறமும் ஒரே சமயத்தில் விழுந்த சாம்பல், இரண்டு குழிகளுக்கும் போட்ட முடிச்சு. அதே லெங்கோங்கில் கிடைத்த பேராக் மனிதனுக்குச் சுமார் 10,000 ஆண்டு. அவரோடு ஏராளமான ஆற்று நத்தை ஓடுகளும் புதைந்திருந்தன. ஆனால் சுண்ணாம்புப் பகுதி நத்தையின் ஓட்டில் கார்பனை வைத்து வயதுக் கணக்குப் பார்க்கும்போது எச்சரிக்கை வேண்டும், அது உடம்பில் சேர்த்துக்கொள்ளும் கார்பனில் கொஞ்சம் பாறையிலிருந்து வந்த கிழட்டுக் கார்பன். நத்தை தன் வயதைக் கூட்டிச் சொல்லும்.

வரிசையும் வயதும் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை, இதெல்லாம் என்ன சொல்கிறது என்று படிப்பது. லங்காவியில் சிங்கா படிவம் என்ற கரிய சேற்றுப்பாறையில், நடுநடுவே சம்பந்தமில்லாத கல் துண்டுகள் செருகிக் கிடக்கின்றன. மென்மையான சேறு படியும் அமைதியான கடலில் இவ்வளவு பெரிய கல்லை யார் கொண்டுவந்து போட்டது? ஆற்று வெள்ளம் என்றால் சேறு கலங்கியிருக்கும். மிதந்து வந்த பனிக்கட்டி உருகி, அதற்குள் சிக்கியிருந்த கல் மேலிருந்து விழுந்திருக்கிறது என்பதுதான் பொருந்தும் விளக்கம். மலேசியாவில் பனிக்கட்டி! நம் தீபகற்பத்தின் மேற்குப் பாதி அன்று தெற்கே, கோண்ட்வானா பெருங்கண்டத்தின் ஓரத்தில், ஆஸ்திரேலியாவுக்கு அருகில் இருந்தது. பெர்மியனில் பிய்த்துக்கொண்டு வடக்கே வந்தது. டிரையாசிக்கில் கிழக்குப் பாதியோடு மோதியது. அந்தத் தையல் பெந்தோங், ராவுப் வழியாக இன்றும் ஓடுகிறது. மோதலில் உருகி எழுந்த கருங்கல்தான் தித்திவங்சா, அது கொண்டுவந்ததுதான் ஈயம். தமிழ்நாடும் அதே கோண்ட்வானாவில்தான் இருந்தது. நம் தாத்தாமார் கப்பலேறி வந்தது அந்த நிலத்தின் ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்கு.

இப்போது சர்ச்சை, மனிதனுக்கென்று தனி உட்காலம் வேண்டுமா என்பது. ஆந்த்ரோபோசீன் என்ற பெயரை 2000இலிருந்து பால் குருட்சன் பரப்பினார். ஒரு குழு 2009இலிருந்து வேலை செய்தது, 2023இல் கனடாவின் கிராஃபோர்டு ஏரிச் சேற்றைத் தங்க ஆணிக்குத் தேர்ந்தெடுத்தது. 1950களின் அணுகுண்டுச் சோதனைகளில் வந்த புளூட்டோனியம் அந்தச் சேற்றில் கோடாகத் தெரிகிறது. 2024 மார்ச்சில் வாக்கெடுப்பில் நிராகரித்துவிட்டார்கள். எதிர்த்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. மனிதன் நிலத்தைப் புரட்டியது ஒரே நாளில் தொடங்கவில்லை. கிந்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள்: அணுகுண்டுக்கு எத்தனையோ வருஷம் முன்பே பள்ளத்தாக்கின் மண்ணைக் கழுவிக் கொட்டிக் குட்டையாக்கியாயிற்று, காட்டை அழித்துக் கித்தா நட்டாயிற்று. அந்தக் குழு சொன்னபடி 1952இல் கோடு போட்டால் அதெல்லாம் எந்தக் காலம்?

போன மாதம் பழைய லயத்துக்குப் பின்னால் புதுத் தாமான் வீடுகளுக்கு லோங்காங், அதாவது சாக்கடைக் கால்வாய், தோண்டினார்கள். போய்ப் பார்த்தேன். மேலே புல், அப்புறம் பிளாஸ்டிக் பையும் தண்ணீர் பாட்டிலும் கலந்த மண், அதன்கீழ் அடுப்புச் சாம்பல் மாதிரி ஒரு கறுப்புக் கோடு, அதற்கும் கீழே செம்மண். கறுப்புக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் விளிம்பு உடைந்த ஒரு மண் மங்கு இருந்தது. கழுவி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பாட்டி கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது கண்ணாடி மங்குக்கு முந்தினது. நான் வெட்டுக்குப் போக ஆரம்பிச்சப்பவே பழசு," என்றார். பிறகு நிமிர்ந்து, "எவ்வளவு ஆழத்துலய்யா கெடந்துச்சு?" என்று கேட்டார்.

முழங்கால் ஆழம் இருக்கும் பாட்டி என்றேன்.

"அதுக்கு மேல என்ன இருந்துச்சு?"